பன்னிரண்டு இழுப்பறையும் பூட்டிய ஒன்றும்

தைனான் நகரத்துப் பெய்மென் சாலையில் பல வருடம் காவ் ஷெங்கின் முகம் மூன்று மாடி உயரத்துக்குத் தொங்கியது. தடித்த சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, சிவப்புப் பட்டாம்பூச்சி டை, கையில் மூங்கில் குச்சி, பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் 'ஆங்கிலமா? காவ் ஷெங்!' அந்த முகத்துக்கு உரியவர் தினமும் மாலை ஐந்தரைக்கு அதற்கு நேர் கீழே ஸ்கூட்டரை நிறுத்துவார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓரக் கடையில் ஒரு கிண்ணம் மீன் கஞ்சி சாப்பிடுவார். கடைக்காரிக்கு அவர் 'இஞ்சி வேண்டாம்னு சொல்ற ஆளு', அவ்வளவுதான். அவள் மகன் மாடியில் காவ் ஷெங்கின் வகுப்பில்தான் படித்தான்.

கண்ணாடியும் டையும் டியூஷன் சென்டரின் இரும்புப் பீரோவில் இருந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி.

அவருடைய சொந்தப் பெயர் வெங் ஜின்-தியென். சென்டருக்குள் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் மூன்றே பேர். சென்டரை நடத்திய திருமதி லியாவ், அவரைத் தெரு முழுக்க முதலாளியம்மா என்றுதான் சொல்லும். வகுப்பில் கரும்பலகை துடைத்து, தாள் விநியோகித்த உதவி ஆசிரியர் தெங். மூன்றாவது நான். கேள்வித்தாள்களில் ஆங்கிலப் பிழை பார்ப்பது என் வேலை. தைனானுக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாதவன். என் வேலை அனுமதித் தாளில் வருடத்துக்கு ஒருமுறை முதலாளியம்மாவின் முத்திரை விழ வேண்டும். விழாவிட்டால் பதினைந்து நாளில் விமானம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் காலண்டரில் நாளை எண்ணுவேன்.

எங்கள் தெருவில் சொந்தப் பெயரில் பாடம் நடத்தியவர்கள் குறைவு. கணக்குக்கு ஒரு பெயர், வேதியியலுக்கு ஒரு பெயர் என்று நடிகர்களைப் போல வைத்துக்கொண்டார்கள். பெயரைத் தேர்ந்தெடுப்பது முதலாளி. ஜோசியரிடம் போய், எழுத்தின் கோடுகளை எண்ணிப் பார்த்து வைப்பார்கள். காவ் என்றால் உயரம், ஷெங் என்றால் ஏறுதல். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

வெங்குக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. அப்போது அவர் அரசு நடுநிலைப்பள்ளி ஆசிரியர். அரசு ஆசிரியர் டியூஷன் சென்டரில் நின்றால் வேலை போய்விடும். முதலாளியம்மா சிரித்துக்கொண்டே சொன்னாராம்:

"பேரு தெரிஞ்சாத்தானே சார் புகார் குடுப்பாங்க? அங்க வெங் சார், இங்க காவ் சார். மழைக்குக் குடை மாதிரி வெச்சுக்குங்க."

குடையோடு ஒரு பத்திரமும் வந்தது. பெயர், படம், டை, அந்தப் பெயரில் உருவாகும் பாடக்குறிப்பு, உவமை, நகைச்சுவை எல்லாம் சென்டருக்குச் சொந்தம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது தான்தான் என்று வெளியே சொல்லக் கூடாது. வெங் படிக்காமல், அங்கே கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையைக் குத்தினார்.

"குடை குடுக்கிறவங்ககிட்ட யாரு தம்பி பத்திரம் படிச்சுப் பாப்பாங்க?" என்று பின்னாளில் என்னிடம் கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார், பதில் இருந்தால் தேவலை என்பதுபோல.

அவருடைய அப்பா, ஷுய்ஷியென் கோயிலை ஒட்டிய சந்தையில் ஒரு நாட்டு மருந்துக்கடையில் சரக்கு நிறுப்பவர். சுவர் முழுக்கச் சின்னச்சின்ன இழுப்பறைகள் வைத்த அலமாரிக்கு முன்னால் நாற்பது வருடம் நின்றவர். அந்த அலமாரியைத்தான் மகன் கரும்பலகைக்குக் கொண்டுவந்தார். வந்தேன், வருகிறேன், வருவேன் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வருகிறது. அங்கே பிள்ளைகளின் தாய்மொழியில் வினைச்சொல் அசையாது. அவர்களுக்கு ஆங்கில வினை ஒரு பேய்வீடு. வெங் முதல் நாள் நான்கு நிறச் சுண்ணக்கட்டியால் மூன்று வரிசை, நான்கு பத்தி என்று பன்னிரண்டு கட்டம் போடுவார்.

"நம்ம வினைச்சொல்லு கல்லு மாதிரி. நேத்தும் அதே, நாளைக்கும் அதே. இங்கிலீஷ்காரன் மருந்துக்கடைக்காரன். ஒரே வேரைப் பன்னெண்டு விதமா வெட்டி, பன்னெண்டு இழுப்பறையில போட்டு வெச்சிருக்கான். எந்த நோய்க்கு எந்த இழுப்பறைன்னு தெரிஞ்சா முடிஞ்சுது. முதல் மூணு வாரம் ஒழுங்கான வினைங்க மட்டும்தான். அதுங்க நல்ல குடும்பத்துப் புள்ளைங்க, 'எட்' போட்டா பேசாம நிக்கும்."

எடுத்துக்காட்டுக்கு எப்போதும் 'பாயில்', கொதிக்க வைத்தல்.

"'பாயில்ட்'னா? சட்டியைக் கழுவிக் கவுத்தாச்சு. நேத்தோட போச்சு. 'ஹேவ் பாயில்ட்'னா? கொதிச்சு முடிஞ்சாச்சு, ஆனா சட்டி…"

"சுடுது!" என்று இருநூற்று நாற்பது குரல்கள். கீழே கஞ்சிக் கடையில் கிண்ணம் அதிரும்.

ஏழாவது இழுப்பறைக்கு வரும்போது குரலைத் தாழ்த்துவார். "வைத்தியரு வந்து சேர்றதுக்கு முன்னாலயே மருந்து கொதிச்சு முடிஞ்சிருந்தது." குச்சியை மேசையில் வைப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். திரும்ப மாட்டிக்கொள்வார். "நோயாளியும் முடிஞ்சிருந்தாரு."

வருடத்துக்கு ஆறு முறை அதே நகைச்சுவை. நான் ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறேன்.

பன்னிரண்டுக்கும் கீழே தனியாக ஒரு கட்டம் வரைந்து அதற்குப் பூட்டுப் போடுவார். ஏவலும், நடக்காததை 'நடந்திருந்தால்' என்று சொல்லும் வடிவங்களும் அதற்குள். "மேல இருக்கிறது மருந்து. இது நஞ்சு, கடையில பூட்டித்தான் வெப்பாங்க. பரீட்சைக்கு ஒரு சிட்டிகை போதும். வாழ்க்கையில திறந்துடாதீங்க."

நான்காவது வருடம் யாரோ கல்வி அலுவலகத்துக்குப் பெயரில்லாமல் கடிதம் போட்டார்கள். காவ் ஷெங் என்பவர் இன்ன பள்ளியில் இன்ன வகுப்பு ஆசிரியர் வெங் என்று வகுப்பறை எண்ணோடு எழுதியிருந்தது. பள்ளி அல்லது சென்டர், ஒன்றைத் தேர்ந்தெடு என்றார்கள். பதினோரு வருட அரசு வேலை. ஓய்வூதியத்துக்கு இன்னும் காலம் இருந்தது. வெங் பள்ளியை விட்டார். கடிதத்தை எழுதியது முதலாளியம்மாதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியாது. அந்த வருடம் காவ் ஷெங்கின் விளம்பரப் பலகை ஒரு மாடியிலிருந்து மூன்று மாடியானது மட்டும் தெரியும்.

வெங்கின் மனைவி சாய்-யூ வீட்டின் முன்னறையில் தலை அலசிவிடும் கடை வைத்திருந்தார். நாற்காலி இரண்டு, பேசின் ஒன்று. வாரக் கடைசியில் அக்கம்பக்கத்து அம்மாக்கள் வந்து உட்காருவார்கள். காவ் ஷெங் என் பையனைக் கரையேத்திட்டாரு, காவ் ஷெங்குக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாமே, காவ் ஷெங் அமெரிக்காவுல படிச்சவராம். சாய்-யூ நுரைக் கையோடு கேட்டுக்கொண்டிருப்பார். சொல்லக் கூடாது, பத்திரத்தில் இருக்கிறது.

"ஒருநாள் ஒருத்தி, 'உங்க வீட்டுக்காரரு என்ன பண்றாரு'ன்னு கேட்டா," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "ஸ்கூட்டர்ல எங்கயோ போறாரு, வர்றாருன்னேன். வேற என்ன சொல்ல? அவ பாவப்பட்டு அம்பது டாலர் கூடக் குடுத்துட்டுப் போனா."

பதினைந்தாவது வருடம் முதலாளியம்மா அந்தப் பன்னிரண்டு இழுப்பறையையும் புத்தகமாக அச்சிட முடிவு செய்தார். மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டு வெங் வாழ்க்கையில் முதல் முறையாக முதலாளியம்மாவிடம் ஒன்று கேட்டார். பின்னட்டையின் அடியில், சின்ன எழுத்தில், 'எழுதியவர்: வெங் ஜின்-தியென்'. ஒரே வரி. அதை மனைவி கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான் அவர் ஆசை.

முதலாளியம்மா கோபப்படவில்லை. தேநீர் ஊற்றினார்.

"காவ் ஷெங் ஒரு ஆளு இல்ல சார். அது ஒரு ருசி. இந்தக் குழம்புல என்னென்ன போட்டீங்கன்னு சட்டியைத் திறந்து காட்டினா யாரு சாப்பிடுவா?"

"போட்டது நான்தானே அம்மா."

"கரண்டியும் கூடத்தான் சட்டிக்குள்ள இருந்துச்சு. கரண்டி பேரை யாராவது பலகையில எழுதுறாங்களா?"

வெங் மறுநாள் கண்ணாடியையும் டையையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் மேசையில் வைத்தார். "பாத்துக்க தம்பி" என்றார். சாவியை நான் முதலாளியம்மாவிடம் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பது?

அடுத்த திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, அதே மேடையில், அதே கண்ணாடியும் சிவப்பு டையுமாக உதவி ஆசிரியர் தெங் ஏறி நின்றான். இருபத்தெட்டு வயது. பலகை வரையும் ஆளைக் கூப்பிட்டுப் பெரிய முகத்தின் தாடையை மட்டும் கொஞ்சம் இழைத்திருந்தார்கள். வரவேற்பு மேசையில் ஒரு தாய் கவலையோடு விசாரித்தார்.

"காவ் சார் ஒரேயடியா இளைச்சுட்டாரே, சர்க்கரையா?"

"உடற்பயிற்சி பண்றாரும்மா," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். அந்தப் பதிலை முதலாளியம்மா எழுதிக் கொடுத்திருந்தார்.

வெங் இருநூறு மீட்டர் தள்ளி, எழுதுபொருள் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தார். பலகையில் சொந்தப் பெயர். 'முன்பு காவ் ஷெங்' என்று அதன் கீழே போட முடியாது. பதினான்கு பேர் சேர்ந்தார்கள், அநேகமாக சாய்-யூவிடம் தலை அலசுகிறவர்களின் பிள்ளைகள். இரண்டாம் வாரமே ஒரு தாய் மாடியேறி வந்து எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என் பொண்ணு நோட்டைப் பாத்தேன். அலமாரி, சட்டி, வைத்தியரு, நோயாளி… அப்படியே காவ் ஷெங்! உங்களுக்குன்னு சொந்தமா ஒண்ணும் வராதா சார்?"

"வரும்," என்றாராம் வெங். "இதுதான் வந்துச்சு."

"காப்பிக்காரர்கிட்ட எதுக்கு? அசலே பக்கத்துலதான இருக்கு." பெண்ணின் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆகஸ்டு மாதம் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கட்டுத் தாள். ஒன்று சென்டரின் புத்தகம். இன்னொன்று வெங்கின் புது அறையிலிருந்து யாரோ கொண்டுவந்த பாடக்குறிப்பு. இரண்டுக்கும் பக்கத்தில் என் வேலை அனுமதி விண்ணப்பம், முத்திரைக் கட்டையோடு.

"உனக்கு ரெண்டு பாஷையும் தெரியும். பக்கம் பக்கமா வெச்சுப் பாரு. ஒண்ணா இருக்கிற வரிக்கெல்லாம் சிவப்புக் கோடு. வக்கீல் கேக்குறாரு."

இரண்டும் ஒரே ஆள் எழுதியதுதானே அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் திறந்ததா என்பதுகூட இப்போது நினைவில்லை. அவர் முத்திரைக் கட்டையைச் சிவப்பு மையில் மெதுவாக ஒற்றி, ஒற்றி, தாளில் வைக்காமலே பேசிக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டுப் பக்கம். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். 'அவள் மருந்தைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்திருப்பாள்' வரைக்கும் எல்லா வரியும் ஒன்றுதான். ஒரே இடத்தில்தான் சிவப்புப் படவில்லை. புதுக் குறிப்பின் இருபதாம் பக்கத்தில் 'வாஷ்' என்ற வினையை எடுத்து, பன்னிரண்டு கட்டத்திலும் ஒரே ஆளை வைத்து எழுதியிருந்தார். சாய்-யூ தலை அலசுகிறாள். சாய்-யூ அலசினாள். சாய்-யூ பதினைந்து வருடமாக அலசிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் சென்டரின் புத்தகத்தில் இல்லை.

அன்று மாலை என் தாளில் முத்திரை விழுந்தது.

வழக்கு நீதிமன்றம் போகுமுன் வட்டார அலுவலகத்தின் சமரசக் குழுவுக்கு வந்தது. அந்த ஊரில் எல்லாச் சண்டையும் முதலில் அங்கேதான் போகும், ஸ்கூட்டர் உரசலிலிருந்து பாகப்பிரிவினை வரை. சமரசம் பேசியவர் சுவாங், பழைய வார்டுத் தலைவர், வெற்றிலைப் பாக்கால் சிவந்த பல். ஒரு பக்கம் முதலாளியம்மாவும் வக்கீலும். எதிரில் வெங் தனியாக. சுவரோரம் சிவப்புக் கோட்டுத் தாள்களோடு நான்.

"தேநீர் ஆறுது. குடிச்சிட்டு அடிச்சுக்கலாம்," என்றார் சுவாங். "சரி, முதல்ல இதைச் சொல்லுங்க. காவ் ஷெங்குங்கிறது யாரு?"

"சென்டர்," என்றார் முதலாளியம்மா.

"சென்டர் எப்படிம்மா பாடம் நடத்தும்? செங்கல்லுக்கு வாய் இருக்கா?"

"பத்திரத்துல அப்படித்தான் இருக்கு அண்ணே."

சுவாங் தலையைச் சொறிந்தார். "என் சின்னப் பொண்ணு அவருகிட்ட படிச்சா. வீடு பூரா 'சட்டி சுடுது, சட்டி சுடுது'ன்னு கத்திக்கிட்டுத் திரிவா. இப்ப கப்பல் கம்பெனியில இங்கிலீஷ்லதான் சண்டை போடுறா."

"எந்த வருஷம்?" என்றார் வெங்.

"தொண்ணூத்தி ஆறு."

"அப்படின்னா அது நான்…"

"அதைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை," என்று வக்கீல் குறுக்கிட்டார். "குறிப்புல ஏத்த வேண்டாம்."

எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவைத் தூக்கிவிட்டாள். சுவாங் வெங்கையே பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்கு எழுந்து இவர் கையைப் பிடிக்கத் தோன்றியிருக்கும் என்று எனக்குப் பட்டது. ஆனால் அவர் சமரசம் பேச வந்தவர்.

"என்ன சார் நீங்க, அன்னிக்கே அந்தப் பத்திரத்தைப் படிச்சுப் பாத்திருந்தீங்கன்னா…"

"அது பூட்டுன இழுப்பறைங்க," என்றார் வெங். "திறக்க வேணாம்."

"பாருங்க, இப்பவும் சென்டரோட உவமையைத்தான் எடுத்து விடுறாரு," என்றார் வக்கீல். இதைக் குறிப்பில் ஏற்றினார்கள்.

மத்தியானத்துக்குள் இரண்டு வழி வந்தது. ஒன்று, வெங் சென்டருக்குத் திரும்பலாம். மேடை கிடையாது, உள்ளே உட்கார்ந்து காவ் ஷெங்குக்குக் குறிப்பு எழுதலாம். இழுப்பறைகள் அவர் கையில் இருக்கும், பெயர் இருக்காது. இரண்டு, சொந்தப் பலகை, சொந்தப் பெயர். ஆனால் அலமாரி, சட்டி, வைத்தியர், நோயாளி எதுவும் வாயில் வரக் கூடாது. காவ் ஷெங் தான்தான் என்று அவரோ குடும்பமோ எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாது. இழப்பீடு வேண்டாம் என்று முதலாளியம்மா பெருந்தன்மையாகச் சொன்னார்.

வெங் யோசிக்க ஐந்து நிமிடம் கேட்டு வெளியே வந்தார். தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்தார். காகிதக் குவளையில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். குடித்தார்.

"கோடு நேரா போட்டிருக்கே தம்பி," என்றார்.

திட்டியிருக்கலாம். அவர் நிஜமாகவே பாராட்டுவது போலத்தான் சொன்னார். பிறகு உள்ளே போய், "பேரைக் குடுங்க" என்று சொல்லி முத்திரையை எடுத்தார். வக்கீல் எழுதி, என்னைப் பிழை பார்க்கச் சொன்ன பத்திரத்தை இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

வீட்டுக்குப் போனதும் சாய்-யூ கேட்டது இதுதானாம்: "பேரு கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"நல்லது. அதை வெச்சு இனி என்ன பண்றது?"

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அன்னாசிக் கேக் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு அந்த மாடி ஏறினேன். மன்னிப்புக் கேட்பதாக உத்தேசம். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, ஏழு பேர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அரசுப் பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெங் படித்தார். நிகழ்காலம் என்பது, இறந்தகாலம் என்பது. பதினைந்து வருடம் இருநூற்று நாற்பது பேரைக் கத்தவைத்தவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்றார். நாக்கு நுனிக்கு வரும் சொல்லை விழுங்கிவிட்டு வேறு சொல் தேடினார். சுரத்தே இல்லை. ஒரு பையன் மேசையில் தலை வைத்துத் தூங்கினான்.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், இந்த 'ஹேவ்' வர்றதுக்கும் வராததுக்கும் என்ன வித்தியாசம்? மூணு தடவை கேட்டும் புரியல."

வெங் விளக்கினார். பேசுகிற நேரத்தோடு தொடர்பு இருந்தால் இது, இல்லையென்றால் அது.

"புரியல சார்."

மறுபடி விளக்கினார். அவள் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். "நான் சொல்றேன் சார், எங்க அக்கா காவ் ஷெங்கிட்ட படிக்கிறா." கரும்பலகைக்குப் போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்துச் சரசரவென்று பன்னிரண்டு கட்டம் போட்டாள். "இது மருந்துக்கடை. இது சட்டி. கழுவிக் கவுத்துட்டா இந்த அறை. இன்னும் சுடுதுன்னா இந்த அறை. பாத்தியா?"

"ஓ!" என்றாள் கேட்டவள். தூங்கிய பையன்கூட நிமிர்ந்தான். "அட, இவ்வளவுதானா?"

ஏழு பேரும் ஆசிரியரைப் பார்த்தார்கள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கட்டத்தை அவள் கொஞ்சம் கோணலாகப் போட்டிருந்தாள். அவர் கை அதை நேராக்கப் போனது, பாதியில் நின்றது.

"அதை அழிம்மா," என்றார்.

"சரியாத்தானே சார் இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. அழி."

அவள் முகம் சுருங்க அழித்தாள். உட்காரும்போது பக்கத்துப் பெண்ணிடம், "பொறாமை" என்றாள், கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி. கேக் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு இறங்கினேன். மன்னிப்பு கேட்கவில்லை. சித்திரை பிறப்பதற்குள் அந்தப் பலகையும் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வேறெங்கும் வேலைக்குப் போகவில்லை. மனைவியின் கடையில் துண்டு துவைத்தார், தரையில் விழுந்த முடியைக் கூட்டினார். தலை அலச வந்த அம்மாக்கள் அவர் முன்னாலேயே காவ் ஷெங்கின் புகழ் பாடினார்கள். முன்பு சாய்-யூ ஒருவர் கேட்டது, இப்போது இருவரும் கேட்டார்கள்.

ஒருநாள் கடைக்குத் தொலைபேசி வந்ததாம். மேடையில் நிற்கும் தெங்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஏழாவது அறை ஜோக்குக்கு யாருமே சிரிக்க மாட்டேங்கிறாங்க. ஒரு வருஷமா. நான் என்ன தப்பு பண்றேன்?"

சாய்-யூ போனைப் பிடுங்கப் போனார். "வெட்கம் கெட்டவன், எவ்வளவு துணிச்சல்!" வெங் கையால் தடுத்தார். துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "கண்ணாடியைத் துடைக்கிறியா?" என்றார்.

"இல்ல சார்."

"துடை. ரெண்டு பக்கமும். அவசரப்படாம." போனை வைத்துவிட்டார்.

"எதுக்குச் சொன்னீங்க அந்த எழவெடுத்தவனுக்கு?" என்று கேட்டதற்கு, "ஜோக்கு பாவம்" என்றாராம்.

கல்லீரல் கெட்டு அவர் போனபோது வயது ஐம்பத்து நான்கு. நான் அப்போது சென்டரை விட்டு வேறு வேலைக்குப் போயிருந்தேன், வேறொரு முத்திரையின் கீழ். சந்தில் நீல வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி மூன்று டின் கோபுரங்கள் வந்திருந்தன, குளிர்பானமும் பதப்படுத்திய பழமும் அடைத்த டின்களைக் கோயில் கோபுரம்போல் அடுக்கி, அனுப்பியவர் பெயரைத் துணியில் எழுதி மேலிருந்து தொங்கவிடுவது. எழுதுபொருள் கடைக்காரர் ஒன்று அனுப்பியிருந்தார். தலை அலசும் வாடிக்கையாளர்கள் சேர்ந்து ஒன்று. மூன்றாவது மற்ற இரண்டையும்விட இரண்டு மடங்கு உயரம். அதன் துணியில் பெரிய எழுத்து:

'ஆழ்ந்த துயரத்துடன், ஆசிரியர் காவ் ஷெங்.'

அது தெங்கின் வேலை. கேலிக்குச் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். மூன்று நாள் தாளில் எழுதி எழுதிக் கிழித்திருக்கிறான். அவன் பத்திரத்திலும் அதே விதி. வெளியே அவனுக்கு எழுத இருந்த பெயர் அது ஒன்றுதான்.

சந்தில் போன ஸ்கூட்டர்கள் கூடாரத்துக்கு முன்னால் மெதுவாயின. இரண்டு அம்மாக்கள் இறங்கியே வந்தார்கள்.

"அடியாத்தி, காவ் ஷெங் அனுப்பியிருக்காரு பாரு!"

"முடி கூட்டிக்கிட்டிருந்த மனுஷனுக்கா? காவ் ஷெங்கை இவருக்கு எப்படித் தெரியும்?"

"பெரிய ஆளுங்க இப்படித்தான், சின்னவங்களை மறக்க மாட்டாங்க."

அவர்கள் முதலில் டின் கோபுரத்துக்குக் குனிந்து வணங்கிவிட்டு, அப்புறம் உள்ளே வந்து படத்துக்கு ஊதுபத்தி வைத்தார்கள். சாய்-யூ பக்கத்தில் வெள்ளை உடையில் நின்றார். ஒருத்தி அவர் கையைப் பிடித்து, "ஏன்க்கா, காவ் சார் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள்.

நான் சாய்-யூவின் முகத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக நுரைக் கையோடு விழுங்கிய பதில். முத்திரை குத்தியவர் பெட்டிக்குள் கிடக்கிறார். இனி யார் வந்து என்ன கேட்டுவிட முடியும்? ஆனால் அந்தச் சமரசப் பத்திரத்தில் 'குடும்பமோ' என்று இருந்தது. என் கையால் பிழை பார்த்த வரி அது.

அவர் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சவரு," என்றார்.

சடங்கு முடிந்து கோபுரங்களைப் பிரித்து, வழக்கப்படி வந்தவர்களுக்கு டின்களைப் பங்கு வைத்தார்கள். சாய்-யூ பெரிய கோபுரத்தின் உச்சியிலிருந்த டின்னை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். சர்க்கரைப் பாகில் போட்ட லிச்சிப்பழம்.

"எடுத்துட்டுப் போ தம்பி. அவரே அவருக்கு அனுப்பினது."

வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வாங்கிக்கொண்டேன்.